ஊசிக் கண் இல்லாத மெஷின்

அமீர் நிஷா நூல் முனையை நாக்கில் தொட்டு, விரலால் முறுக்கி, மெஷினின் ஊசியில் கோக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசியின் மேல் முனையில் தேடினாள், கீழ் முனையில் தேடினாள். கண் இல்லை. அரிக்கேன் விளக்கைக் கிட்டத்தில் கொண்டுவந்து மறுபடியும் தேடினாள். அப்போதும் இல்லை.

“கண்ணு தேஞ்சி போயிருக்கும் புள்ள,” என்றார் நூகு. அவர் அவளுடைய தாய்மாமா. திருமலைராயன்பட்டினம் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தார். எந்த மெஷினைக் காட்டினாலும் அவரிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். “பழைய சாமான்ல. சிங்கப்பூர்ல ராவும் பகலுமா தைப்பானுவ.”

“கண்ணுங்கிறது ஓட்டைதானே மாமா? தேஞ்சா பெருசாத்தானே ஆவும்? எப்படி இல்லாமப் போவும்?”

நூகு தாடியைத் தடவினார். நான் உள்ளே நுழைந்தது அந்த நேரத்தில்தான்.

நான் அப்போது அந்த ஊர் சுகாதார நிலையத்தில் நர்ஸ். மெஷினைப் பார்க்க நான் போகவில்லை. அமீர் நிஷாவின் தாய் ஆஸியா பீவியைப் பார்க்கப் போனேன். எழுபத்தேழாம் வருஷப் புயலில் முன்னறைச் சன்னல் பிய்ந்து வந்து அவர் காலில் விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. காரைக்காலில் மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பதும், முதுகைத் துடைத்து மருந்து போடுவதும், திட்டு வாங்குவதும் என் வேலை.

மெஷின் கதை இதுதான். அமீர் நிஷாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. எட்டாவது வரை படித்தவள். கல்யாணமான பிறகும் அவர்கள் வழக்கப்படி தாய்வீட்டிலேயே இருந்தாள். கணவர் நூர் அகமது சிங்கப்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தார். ஒரு தையல் மெஷின் வேண்டும் என்று இவள் கேட்டிருந்தாள். சிக்கனமான மனுஷர் அவர். புது மெஷின் விற்கும் கடைப்பக்கமே போகாமல், பழைய சாமான் சந்தைக்குப் போய், இருந்ததிலேயே மலிவானதை வாங்கிப் பெட்டியில் அடைத்துக் கப்பலில் போட்டுவிட்டார். பெட்டியை நாகப்பட்டினத்தில் இறக்கி வண்டியில் கொண்டுவந்தவர் நூகு.

நூர் அகமதுவைக் குறை சொல்ல முடியாது. வார்ப்பிரும்புக் கால் இருந்தது, மிதிக்கும் பெடல் இருந்தது, சக்கரமும் தோல் வாரும் இருந்தன. மேலே பலகையும், அதன்மேல் வளைந்த கையும், கையின் நுனியில் ஊசி போல ஒன்றும் இருந்தன. தையல் மெஷினுக்கு உள்ளதெல்லாம் இருந்தது. அதற்குள் தெருவுக்கே செய்தி போய், நாலு வீட்டிலிருந்து சட்டைத் துணி வந்து கொடியில் தொங்கியது.

“நூலு தானாப் போவும்போல இருக்கு. துணிய வச்சி மிதிச்சிப் பாரேன்,” என்றார் நூகு.

மிதித்தாள். எதிர்வீட்டுப் பெண் கொடுத்த பூப்போட்ட வாயில் துணி, வாழைநார் கிழிவது போல நீளமாகக் கிழிந்தது.

நான் பையைக் கீழே வைத்துவிட்டு அந்த ஊசியின் மேல் விரலை ஓட்டினேன். பல் இருந்தது. பொடிப்பொடியாக, வரிசையாக. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பயிற்சியில் இருந்தபோது, எலும்பு அறுக்கும் கம்பியைக் கொதிநீரில் போட்டு எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பாக இருந்தது. பல் எப்படி இருக்கும் என்று என் விரலுக்குத் தெரியும்.

“இது தைக்கிறது இல்ல, அறுக்கிறது,” என்றேன். “ரம்பம்.”

உள்ளறையிலிருந்து ஆஸியா பீவியின் குரல் வந்தது. “என்னாவாம்?”

“ரம்பமாம் உம்மா,” என்றாள் அமீர் நிஷா.

கட்டில் கிரீச்சிட்டது.

“சட்டையும் தைக்கலாம், உங்கழுத்தையும் அறுக்கலாம்னு பாத்து அனுப்பியிருக்காரு மாப்புள்ள!”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கவே இல்லை. அந்த இருமலில் கரகரப்பு கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. மெஷினை விட்டுவிட்டு உள்ளே போனேன்.

கால் முறிந்தவர்கள் காலால் செத்துப்போவதில்லை. மல்லாந்தே கிடப்பதால்தான் ஆபத்து வரும். நெஞ்சில் சளி இறங்கிக் கெட்டியாகும், முதுகில் புண் வரும், பிறகு காய்ச்சல். எழுந்து உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்தது. ஆஸியா பீவியின் கட்டுப்போட்ட கால் நீட்டியபடியே இருக்க, முதுகை நிமிர்த்தி உட்காருவதற்கு எந்தத் தடையும் இல்லை. அவருக்கு மனசு இல்லை, அவ்வளவுதான்.

“உக்காந்து எதம்மா பாக்கச் சொல்ற? செவத்தையா?” என்றார். “செவத்தப் படுத்துக்கிட்டே பாக்கலாம்.”

அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. முன்னறைச் சன்னலில் முன்பு பூ வெட்டிய மரக்கிராதி இருந்தது. தெரு முழுவதும் அதன் வழியாக அவருக்குத் தெரியும். தெருவுக்கு அவரைத் தெரியாது. அந்த வீட்டுப் பெண்கள் அந்நிய ஆண்கள் பார்வையில் படுவதில்லை. அந்தச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டது, எந்த ஆடு யாருடைய கீரையைத் தின்றது என்று பஞ்சாயத்து நடத்தியே முப்பது வருஷம் ஓட்டியவர் அவர். புயல் கிராதியைக் கொண்டுபோய்விட்டது. இப்போது அங்கே தகரம் அடித்திருந்தது. முன்னறை இருட்டாகப் போனதால் கட்டிலை உள்ளறைக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே சன்னலே கிடையாது.

“கிராதி வந்தா உக்காருவீங்களா?” என்று கேட்டேன்.

“வந்தா உக்காருவேன். செல்லக்கண்ணு ஆசாரி நாளைக்கி வர்றேன்னாரு. அவரு நாளைக்கி வர்றதுக்குள்ள எனக்கு மௌத்து வந்துடும்.”

ஆசாரியையும் குறை சொல்ல முடியாது. போலகம் வரைக்கும் ஊர்ப்பட்ட வீடுகளுக்குக் கூரை இல்லை. கூரையை விட்டுவிட்டு ஒரு கிழவி தெருவைப் பார்க்க வேண்டும் என்பதற்காக யார் சன்னல் வேலைக்கு வருவார்கள்?

நான் வெளியே வந்து அமீர் நிஷாவிடம் ஒளிக்காமல் சொன்னேன். “இப்படியே கிடந்தா ஒரு வாரத்துல காய்ச்சல் வரும். வந்தா காரைக்கால் ஆஸ்பத்திரிதான். அங்க போகமாட்டேன்னு அடம் பிடிப்பாங்க. அதுக்கு மேல நீங்க என்னைக் கேக்கக் கூடாது.”

அவள் மெஷினைப் பார்த்தாள். பிறகு அது வந்த பெட்டியைப் பார்த்தாள். நல்ல ஒட்டுப்பலகைப் பெட்டி.

“நர்சக்கா, இது மரத்த அறுக்குமா?”

“எலும்பையே அறுக்கும்போது மரத்துக்கு என்ன?”

முதலில் உட்கார்ந்தவர் நூகு. மரம் அறுப்பது ஆம்பளை வேலை என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டார். கையில் ரம்பம் பிடித்துப் பழகிய மனுஷர். தள்ளித் தள்ளி இழுத்தார். இங்கே ரம்பம் நின்ற இடத்தில் மேலும் கீழும் போகிறது, இவர் பலகையை முன்னும் பின்னும் ஆட்டுகிறார். டிங் என்று ஒரு சத்தம். பிளேடு இரண்டாகக் கிடந்தது. பெட்டிக்குள் ஒரு கட்டுப் பிளேடு கிடந்தது, அதிலிருந்து அடுத்ததை மாட்டினார். டிங்.

“மெஷின்ல கோளாறு,” என்றார்.

“எந்திரிங்க மாமா,” என்றாள் அமீர் நிஷா. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். “இது அருவாமன மாமா. கத்தி அது பாட்டுக்கு நிக்கும். நாமதான் காயக் கொண்டுபோயி காட்டணும்.”

சின்ன வயதிலிருந்து அரிவாள்மனையில் உட்கார்ந்த கை. பலகையை இரண்டு கையாலும் பிடித்து, பிளேடுக்கு நேராக, வாழைப்பூ அரிவது போல மெதுவாக நகர்த்தினாள். கால் பெடலை மிதித்தது. பலகை தவளை மாதிரித் துள்ளியது. அமுக்கிப் பிடித்தாள், இன்னும் துள்ளியது. கடைசியில் எகிறி நூகுவின் முழங்காலில் போய் விழுந்தது.

“மெஷின்ல கோளாறுன்னேன்ல?” என்றார் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே.

அவள் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தாள். பிளேடு கீழே போகும்போது பலகை சும்மா இருந்தது. மேலே வரும்போது கூடவே எழுந்தது. “மேல வர்றப்பதான் கடிக்குது. பல்லு மேலப் பாக்க மாட்டியிருக்கு,” என்றாள். பிளேடைக் கழற்றித் தலைகீழாக மாட்டினாள். இப்போது பல் மரத்தைக் கடித்துக் கீழே அமுக்கியது. பலகை அடங்கி உட்கார்ந்தது. மரத்தூள் ஒரு கோடாக விழுந்தது.

அரிவாள்மனை அவளுக்கு நல்லதும் சொல்லிக்கொடுத்தது, கெட்டதும் சொல்லிக்கொடுத்தது. வளைவு வரும் இடத்தில் பெரிய கொடுவா மீன் தலையை அறுப்பது போல ஓர் அழுத்து அழுத்துவாள். டிங். முதல் நாளே விரல் நுனியிலும் ஒன்று வாங்கிக்கொண்டாள். டிங்சர் போட்டுக் கட்டிவிட்டு, “மீனுக்குத்தான் முள்ளு. பலகைக்கு இல்ல. அழுத்தாதே,” என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அந்த டிங் சத்தம் உள்ளறைக்கும் கேட்டது. ஒவ்வொரு தடவையும் ஆஸியா பீவி குரல் கொடுத்தார்.

“இன்னொரு பல்லு போச்சா?”

“போச்சு உம்மா!”

“மாப்புள்ளைக்கி எழுது, பல் டாக்டர ஒருத்தர அனுப்பச் சொல்லி!”

சிரித்தார், சிரித்து இருமினார், இருமிக் கோழை துப்பினார். என் கஷாய மருந்து செய்யாத வேலையை உடைந்த பிளேடு செய்தது. ஆகவே பிளேடு உடைவதைப் பற்றி நான் யாரையும் கண்டிக்கவில்லை.

கிராதிக்குப் பூ வேண்டுமே. கல்யாணத்துக்கும் தர்கா கந்தூரிக்கும் வண்ணக் காகிதத்தை மடித்து, கத்தரிக்கோலால் வெட்டி, விரித்தால் பூவும் பிறையும் விழும்படிச் செய்வதில் அமீர் நிஷா கெட்டிக்காரி. அதே போல ஒரு காகிதத்தை மடித்து வெட்டி, கஞ்சிப்பசையால் பலகையில் ஒட்டினாள். நடுவில் இருக்கும் ஓட்டையை எப்படி வெட்டுவது? ஓரத்திலிருந்து அறுத்துக்கொண்டு போனால் பலகை பிளந்துவிடும். ஒரு கம்பியை அடுப்பில் காய்ச்சி ஓட்டை போட்டாள். பிளேடின் ஒரு முனையைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் விட்டு, மறுபடி மாட்டினாள். உள்ளேயே சுற்றி அறுத்தாள். அறுத்து முடித்துக் கழற்றி, அடுத்த ஓட்டைக்குப் போனாள்.

“ஊசியில நூலக் கோக்கலாம்னு பாத்தா, பலகையில ஊசியக் கோக்குறேன்,” என்றாள்.

முதல் பலகை அழகாகவே வந்தது. பெரிய பெரிய பிறைகள், உள்ளங்கை அகல நட்சத்திரங்கள். நூகு தகரத்தைக் கழற்றி அதைச் சன்னலில் நிறுத்திப் பிடித்தார். என்னைத் தெருவுக்குப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள்.

போனேன். பார்த்தேன். “அமீரு, உன் மூக்குத்தி தெரியுது. மாமாவோட பனியன்ல கிழிசல் தெரியுது. பின்னால சோத்துப் பானை தெரியுது,” என்றேன்.

கட்டிலில் கிடந்தபடியே ஆஸியா பீவி சொன்னார்: “நட்சத்திரம் எதுக்குடி அவ்வளவு பெருசு? தெருவ நாம பாக்கணும். தெரு நம்மளப் பாக்கவா? ஓட்ட சின்னதா இருக்கணும், நெறைய இருக்கணும். உள்ள இருட்டா இருக்கணும்.”

கந்தூரிக் காகிதம் காற்றில் ஆடுவதற்காக வெட்டுவது, மறைப்பதற்காக அல்ல. அது அவளுக்கு அதற்கு முன்பு தோன்றவில்லை. முதல் பலகை அடுப்படிக்குப் போய், கருவாட்டுக் கூடைக்கு மூடியாயிற்று.

நூர் அகமதுவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்தவர் மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு, “தெரிஞ்சிதான் வாங்குனேன். தையல் மெஷின் எல்லா வீட்லயும் இருக்கு,” என்றார். அதற்குள் அவளுக்கு வேலை வர ஆரம்பித்திருந்தது. எண்பதுகளில் அரபு நாட்டுப் பணத்தில் எழுந்த புது வீடுகளுக்கு வெண்டிலேட்டர் பலகை, வாசல் பெயர்ப்பலகை எல்லாம் அவள் கையால் போயின. எங்கள் கோவில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வால் நட்சத்திரம் கேட்டு நானே போயிருக்கிறேன். “உங்களுக்குப் பெருசாவே வெட்டலாம் நர்சக்கா, நீங்க யாரும் ஒளிய வேண்டாமே,” என்று வெட்டிக் கொடுத்தாள். கடைசிவரை அவளுக்குத் தையல் வரவில்லை. கிழிந்த அந்த வாயில் துணிக்குப் பதில் எதிர்வீட்டுக்கு ஒரு கரண்டி ஸ்டாண்டு வெட்டிக் கொடுத்தாள்.

இரண்டாவது பலகைக்கு வருகிறேன். புளியங்கொட்டை அளவில் ஓட்டைகள், நெருக்கமாக. ஒவ்வொன்றுக்கும் கம்பி காய்ச்ச வேண்டும், பிளேடைக் கழற்ற வேண்டும், கோக்க வேண்டும். ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே இருக்கிற மெல்லிய மரம் பெயர்ந்து வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பலகையில் பாதி முடிந்திருந்தது. டிங். பெட்டியோடு வந்த பிளேடுகளில் அதுதான் கடைசி.

அன்றைக்கு நான் போனபோது ஆஸியா பீவி கேலி எதுவும் பேசவில்லை. தெர்மாமீட்டர் வைத்தேன். காய்ச்சல். முதுகில் காது வைத்துக் கேட்டேன். கீழ்ப்பக்கம் இரண்டிலும் காற்றுப் போகும் சத்தம் மந்தமாக இருந்தது. மல்லாந்து கிடந்த இடத்தில் தோல் சிவந்திருந்தது.

“நாளன்னைக்கிக் காலைல காய்ச்சல் இறங்கலன்னா வண்டி கூப்பிடுவேன்,” என்றேன்.

“என்னத் தூக்கிட்டுப் போயி, நாலு பேரு பாக்க வரிசையாப் படுக்க வைப்பிய,” என்றார். குரலில் காரம் இல்லை. காய்ச்சலை விட அதுதான் எனக்குக் கவலை தந்தது.

முன்னறையில் அமீர் நிஷா உடைந்த பிளேடுத் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நூகு காரைக்கால் இரும்புக் கடை எல்லாவற்றிலும் கேட்டுவிட்டு வந்திருந்தார். அப்படி ஒரு சாமானை யாரும் கண்ணால் கண்டதில்லை.

“கொலுசு யாருகிட்ட பத்த வைப்ப?” என்று நான் கேட்டேன்.

“சுப்பையன் பத்தர்ட்ட. ஏன்க்கா?”

“வெள்ளித் தகட்டுல பூ வெட்டுறாரே, எதால வெட்டுறாரு?”

நூகு சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். திரும்பி வந்தபோது சட்டைப் பையில் ஒரு கட்டுப் பிளேடு இருந்தது. மயிர் மாதிரி மெல்லிசு, அதே நீளம். வெள்ளிக்குச் செய்தது மரத்துக்குச் சோம்பேறி. பல்லில் தூள் அடைத்துக்கொள்ளும். ஒரு ஓட்டை வெட்டும் நேரத்தில் ஒரு செம்புப் பால் பொங்கிவிடும். ஆனால் சின்ன வளைவில் கேட்டபடி திரும்பியது. அவசரப்பட்டு அழுத்தினால் உடனே அறுந்தது. இரண்டு அறுந்த பிறகு அமீர் நிஷாவின் கை அழுத்துவதை விட்டது. கால் மட்டும் ஒரே சீராகப் போனது. உம்மாவுக்குக் கஞ்சி ஊட்டப் போனவள் திரும்பி வந்து மிதித்தாள். தொழுதுவிட்டு வந்து மிதித்தாள். நூகு கம்பி காய்ச்சினார். இப்போது அவர் எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் பலகை சன்னலில் ஏறியது. நான் தெருவுக்குப் போனேன். இருட்டும் ஓட்டைகளும்தான் தெரிந்தன.

“உள்ள யாராவது இருக்கீங்களா?” என்றேன்.

“உங்க முன்னாலதான் நிக்கிறேன் நர்சக்கா. சேலத் தலைப்புல மருந்துக் கற இருக்கு!”

கட்டிலை நானும் அவளும் நூகுவுமாக முன்னறைக்குத் தூக்கி வந்தோம். ஆஸியா பீவி கண்ணை மூடிக்கொண்டே வந்தார். சன்னலோரம் போட்டோம். “கிராதி வந்துடுச்சி. வாக்குக் குடுத்திருக்கீங்க,” என்றேன். “வாக்கு எங்க ஓடிப்போவுது? நாளைக்கி,” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஆசாரி சொன்ன அதே நாளைக்கி. அமீர் நிஷா என் முகத்தைப் பார்த்தாள். வண்டிக்காரரிடம் விடிந்ததும் வரச் சொல்லிவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் வண்டி வாசலில் வந்து நின்றது. வண்டிக்காரர் மாட்டை எதிர்வீட்டுத் தென்னையில் கட்டினார். எதிர்வீட்டுப் பெண் வெளியே வந்து, போன மாசம்தான் வைத்த செடியை உன் மாடு மிதிக்கிறது என்று பிடித்துக்கொண்டாள். மாடு மிதிக்கவில்லை, செடி முன்னாடியே சாய்ந்துதான் இருந்தது என்றார் அவர். சத்தம் ஏறியது. நான் உள்ளே தெர்மாமீட்டரை உதறிக்கொண்டிருந்தேன்.

படுத்தபடி பார்த்தால் அந்தச் சன்னலில் வானம் மட்டும்தான் தெரியும்.

ஆஸியா பீவி முதலில் கழுத்தைத் தூக்கினார். பற்றவில்லை. ஒரு முழங்கையை ஊன்றினார். பிறகு, “புடிடி,” என்று மகளிடம் கையை நீட்டினார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் தலையணைகளைச் சொருகினேன். அமீர் நிஷா தோளைத் தாங்கினாள். நிமிர்ந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. முகத்தைப் பலகையோடு சேர்த்து வைத்து ஓட்டை ஓட்டையாகப் பார்த்தார்.

“ஏம்பா வண்டிக்காரரே,” என்று தெருவுக்குக் குரல் கொடுத்தார். “மிதிச்சதும் ஓம்மாடுதான், திங்கிறதும் ஓம்மாடுதான். அவுத்து அந்தாண்ட கட்டு!”

குரல் எங்கிருந்து வருகிறது என்று வண்டிக்காரர் சுற்றும் முற்றும் பார்த்தார். பார்த்துவிட்டு, மாட்டை அவிழ்த்தார்.

கத்தியதில் இருமல் கிளம்பியது. முதுகில் தட்டினேன், பீங்கானைப் பிடித்தேன். நிறையத் துப்பினார். தெர்மாமீட்டரை வைத்து எடுத்தேன். முழுதும் இறங்கவில்லை, ஏறவும் இல்லை. வண்டியைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். அமீர் நிஷா போய்க் கஞ்சி கொண்டுவந்தாள். உம்மா ஊட்டச் சொல்லாமல் கிண்ணத்தைத் தானே வாங்கிக்கொண்டார். நெஞ்சைக் கேட்க நான் முன்னால் குனிந்தேன்.

“தலைய அந்தாண்ட எடும்மா,” என்றார். “மறைக்குது.”

எடுத்துக்கொண்டேன். பின்பக்கம் போய், முதுகில் சிவந்திருந்த இடத்தைத் துடைத்துப் பவுடர் போட்டேன்.